வலி நின்றுவிட்டது என்று சொன்னார்கள்

வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, நிறை பார்ப்பது, அழுத்தம் பார்ப்பது, வயிறு தடவிப் பிள்ளையின் தலை எங்கே என்று கண்டுபிடிப்பது எல்லாம் உங்களுக்குப் படிப்பித்திருப்பார்கள். அதில் என்னிடம் கேட்க உங்களுக்கு ஒன்றும் இல்லை. நான் சொல்ல வந்தது பயத்தைப் பற்றி. மன்னாரில் முசலிப் பக்கம் வீடு வீடாகப் போகும் குடும்பநல மாதுவாக வேலை செய்த காலத்தில் பல வீடுகளில் நான் பயந்திருக்கிறேன். ஆனால் கொண்டச்சியில், நல்ல பகல் வெளிச்சத்தில், ஒரு வீடே சிரித்துக்கொண்டு நின்றபோது எனக்கு வந்த பயம் வேறு. அதைச் சொல்லிவிட்டால் என் கடமை முடிந்தது.

அவளுடைய பெயரை றிஸ்வானா என்று வைத்துக்கொள்வோம். புருஷன் அன்ஸார் சொந்த வான் வண்டியில் மீன் ஏற்றி அனுராதபுரம் போய்வருபவன். வீட்டில் இவர்கள் இருவரும், அன்ஸாரின் உம்மாவும். றிஸ்வானாவுக்குக் கல்யாணமாகிக் கொஞ்சக் காலத்தில் கருப்பையில் பெரிய கட்டி ஒன்று இருப்பது தெரியவந்து, கொழும்பில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அதை வெட்டி எடுத்திருந்தார்கள். கட்டி ஆழமாகப் புதைந்திருந்ததால் கருப்பைச் சுவரை உள்வரைக்கும் வெட்டித் தைத்திருந்தார்கள். அதன் பிறகு நெடுநாள் காத்திருந்து தங்கிய பிள்ளை இது. அப்படித் தைத்த கருப்பை பிரசவ வலியைத் தாங்குமா என்று ஒருவராலும் உறுதி சொல்ல முடியாது. அதனால் வலி தொடங்க முதலே சீசர் செய்து, வயிற்றை வெட்டிப் பிள்ளையை எடுக்கவேண்டும் என்று மன்னார் கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். அவளும் தலையாட்டிவிட்டு வந்தாள்.

ஒருநாள் வீட்டுக்குப் போனபோது உள்ளறைக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே காற்றடித்த பெரிய ரப்பர்த் தொட்டி ஒன்று. நீல நிறம், பக்கமெல்லாம் மீன் படம்.

"இது என்ன, இன்னும் பிறக்கவே இல்லை, அதுக்குள்ள பிள்ளைக்கு விளையாட்டுச் சாமானா?" என்று கேட்டேன்.

அவள் கதவைச் சாத்திவிட்டு என் கையைப் பிடித்தாள். "மிஸி, நான் இதுக்குள்ளதான் பெறப்போறன். லண்டன்ல என்ட மச்சி தண்ணிக்குள்ளதான் பெத்தவ. வீடியோ எல்லாம் அனுப்பினவ. வலியே தெரியேல்லையாம். கொழும்பில இருந்து பேறு பாக்கிற ஒரு ஆள் வந்து நிக்கிறன் எண்டு சொல்லியிருக்கிறா. நீங்களும் நிக்கவேணும். டொக்டருக்குச் சொல்லமாட்டன் எண்டு எனக்குச் சத்தியம் பண்ணித் தாங்கோ."

தண்ணீரில் பிள்ளை பெறுவது பைத்தியக்காரத்தனம் என்று நான் ஒருபோதும் சொன்னதில்லை. வெட்டுக்காயம் படாத கருப்பை, பக்கத்தில் ஆட்கள், அடுத்த அறையில் ஒப்பரேசன் தியேட்டர் என்று எல்லாம் இருக்கும் இடங்களில் செய்கிறார்கள். எங்கள் கையில் இருந்தது உப்புக் கிணறு, பவுசரில் வரும் தண்ணீர், தையல் போட்ட கருப்பை.  

"சத்தியம் பண்ணமாட்டன், றிஸ்வானா. டொக்டருக்குச் சொல்லத்தான் போறன். உங்களுக்குத் தெரியாமல் சொல்லேல்லை, உங்கட முகத்துக்கு நேரதான் சொல்லுறன். இந்தத் தொட்டிக்குள்ள தையல் விட்டுதெண்டால் உங்களையும் காப்பாத்தேலாது, பிள்ளையையும் காப்பாத்தேலாது."

கையை விட்டுவிட்டாள். அதன் பிறகு நான் போனால் அவள் நித்திரை. அல்லது குளியல். அல்லது தொழுகை. கதவுக்குப் பின்னால் அவள் மூச்சு விடுவது எனக்குக் கேட்கும்.

மறுத்துவிட்டார் என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு விடுங்கள், நாளைக்கு ஒன்று நடந்தால் உங்கள் தலையில் விழாது என்று என்னோடு வேலை செய்தவர்கள் சொன்னார்கள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் கதவு சாத்தியிருக்கிறது என்று நானும் போகாமல் விட்டால், வலி வரும்போது அந்த வீட்டில் என்னைக் கூப்பிட ஒருவரும் துணியமாட்டார்கள். அந்தப் பயந்தான் எனக்குப் பெரிதாக இருந்தது. ஆகவே போய்க்கொண்டே இருந்தேன். அவளுடைய மாமி, அன்ஸாரின் உம்மா, தேத்தண்ணி ஊற்றித் தருவா. குடித்துக்கொண்டு அவவுக்கும் அன்ஸாருக்கும் ஒரே விஷயத்தைத் திருப்பித் திருப்பிச் சொன்னேன்.

"பிள்ளைப்பேத்து வலி வரும், போகும், திரும்ப வரும். அது வழமை. விடாமல் ஒரே நோவா இருந்தாலும் எனக்குப் போன் எடுங்கோ. வலி வந்துகொண்டிருக்கேக்க சட்டெண்டு நிண்டு போனாலும் எடுங்கோ."

"நிண்டு போனால் நல்லதுதானே, மிஸி?" என்று மாமி கேட்டா.

"றிஸ்வானாவுக்கு நல்லதில்லை, மாமி. உள்ளுக்குத் தையல் விட்டாலும் வலி நிண்டுபோகும்."

இதைக் கதவுக்குப் பின்னால் நின்றவளும் கேட்டிருக்கிறாள். ஒருநாள் நான் எழும்பப் போகையில் கதவைத் திறந்தாள்.

"மிஸி, தண்ணியில எனக்கு ஆசை எண்டு நீங்கள் நினைக்கிறீங்கள்" என்றாள். "எனக்குத் தியேட்டர்தான் பயம்."

நான் கதிரையில் திரும்ப இருந்தேன். அவள் சொன்னதை அவளுடைய சொல்லிலேயே சொல்கிறேன்.

"கட்டி வெட்டேக்க நான் பாதியில முழிச்சிட்டன். தொண்டைக்குள்ள குழாய் கிடக்கு. கண்ணைத் திறக்கேலாது. விரலை அசைக்கேலாது. ஆக்கள் கதைச்சுச் சிரிக்கிறது கேக்குது. நான் மௌத்தாப் போனன், இது கபுறுக் குழிதான் எண்டு நினைச்சன். கலிமா சொல்லப் பாத்தன், நாக்கு எழும்பேல்லை. அதை நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை, மிஸி. இவருக்குக்கூட. தண்ணிக்குள்ள எண்டால் கை கால் என்ட சொல்லைக் கேக்கும். அவ்வளவுதான்."

பிள்ளைகளே, அதுவரைக்கும் நான் அவளுக்குத் தையலைப் பற்றிச் சொன்னேன், இரத்தத்தைப் பற்றிச் சொன்னேன், சாவைப் பற்றியும் சொன்னேன். சாவை அவள் ஏற்கெனவே பார்த்துவிட்டு வந்திருந்தாள். அவளுக்கு அது தியேட்டருக்குள் இருந்தது. என் பயமுறுத்தல் எல்லாம் அவளைத் தொட்டியை நோக்கித்தான் தள்ளியிருக்கிறது. ஒரு தாய் பிடிவாதம் பிடித்தால் எதை விரும்புகிறாள் என்று கேட்பதோடு நிற்காதீர்கள். எதிலிருந்து ஓடுகிறாள் என்றும் கேளுங்கள்.

தொட்டியைப் பற்றி ஏற்கெனவே சொல்லியிருந்த மன்னார் மகப்பேற்று வைத்திய நிபுணரிடம், அவளுடைய சம்மதத்தோடு இதையும் சொன்னேன். அவரும் ஒரு பெண்தான். அதிகம் கதைக்காதவர். றிஸ்வானாவைக் கூப்பிட்டு, ஆள் இல்லாத நேரத்தில் தியேட்டரைச் சுற்றிக் காட்டினார். படுக்கும் கட்டிலைத் தொட்டுப் பார்க்கவிட்டார். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் விறைக்கச் செய்வார்கள், முழித்துக்கொண்டே இருக்கலாம், தலைமாட்டில் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு இருப்பார் என்றார்.

"தையல் நல்லா ஆறியிருக்கலாம்தானே, டொக்டர்?" என்று றிஸ்வானா கேட்டாள்.

"இருக்கலாம். உள்ளுக்கு எப்பிடி ஆறியிருக்கெண்டு எனக்குத் தெரியாது. தெரியாததாலதான் உங்களை விடப் பயப்பிடுறன்."

ஒரு டொக்டர் தனக்குப் பயம் என்று சொன்னதை அவள் அன்றைக்குத்தான் கேட்டிருப்பாள். சம்மதித்தாள். கொழும்பு ஆளை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டாள். தூரத்து ஊர் என்பதால் நேரத்தோடு ஆஸ்பத்திரிக்கு வந்து படுக்க நாளும் குறித்தார்கள். தொட்டியை மட்டும் கழற்றவில்லை. தண்ணீர் நிரப்பிவைத்து அதில் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருந்தால் மனம் ஆறுதலாக இருக்கிறது என்றாள். நான் அதை எதிர்க்கவில்லை.

வலி குறித்த நாளுக்குக் காத்திருக்கவில்லை.

அன்று வெள்ளிக்கிழமை. நான் சிலாவத்துறையில் கிளினிக் முடித்துச் சாமான் அடுக்கிக்கொண்டிருந்தேன். மாமி போன் எடுத்தா. விடியத்திலிருந்து சாடையாகக் குத்தியதாம், இப்போது நல்ல வலியாம், ஜும்மாத் தொழுகை முடிந்ததும் அன்ஸார் வானைக் கொண்டுவந்து ஏற்றிப் போவானாம். "அதுமட்டுக்கும் வலிக்குச் சுகமா இருக்கட்டும் எண்டு பிள்ளை தொட்டிக்குள்ள இறங்கிட்டாள், மிஸி."

"வெளியில எடுங்கோ. நான் வாறன்."

ஸ்கூட்டரில் வரும்போது முழு வழியும் எதிர்க்காற்று. வண்டியைப் பிடித்து வைத்திருக்கவே முடியவில்லை. வீட்டு வாசலில் மாமி நின்றா. முகம் மலர்ந்திருந்தது. பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவரும் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"பயப்பிடாதேங்கோ, மிஸி. அல்லாஹ்ட கிருபை, வலி நிண்டிட்டுது. இப்பதான், சுவிச்ச நூத்த மாதிரி."

 மாமிக்கு நான் எத்தனையோ தரம் சொல்லியிருந்தேன். ஆனால் மருமகள் பட்ட பாட்டைப் பார்த்துக்கொண்டிருந்த மனுஷிக்கு, அவளுடைய அலறல் நின்றதும் சந்தோஷம்தான் வரும். அவவில் பிழை சொல்ல முடியாது. ஒரு வீட்டார் எல்லாருமாகச் சந்தோஷப்படும்போது அதற்குள் நின்று நீங்கள் ஒருவர் மட்டும் பயப்படவேண்டி வரும். அது லேசில்லை. உங்களுக்கும் சிரிக்கத்தான் ஆசை வரும்.

றிஸ்வானா தொட்டியில் சாய்ந்திருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். உதடு வெளுத்திருந்தது.

"நல்லா இருக்கு, மிஸி. தோள்மூட்டில மட்டும் ஒரு நோவு. தலைகாணி சரியில்லைபோல."

வயிற்றுக்குள் இரத்தம் கசிந்தால் நோவு தோளில் தெரியும். நாடியைப் பிடித்தேன். கண்டபடி ஓடியது. வயிற்றில் கை வைத்தேன். நான் தடவித் தடவிப் பழகிய வயிறு அது. இப்போது பிள்ளையின் கை கால் தோலுக்கு அடுத்தாற்போல் தட்டுப்பட்டது. கருவியை வைத்தேன். குதிரை ஓடுவதுபோல் கேட்கவேண்டிய துடிப்பு, களைத்த ஆள் படியேறுவதுபோல் கேட்டது.

"தண்ணி தெளிவாத்தானே கிடக்கு, மிஸி? ஒரு சொட்டு ரத்தம் இல்லையே" என்றா மாமி.

"வெளியில வராது, மாமி. நீங்கள் பள்ளிக்கு ஓடுங்கோ. அன்ஸாரையும் வானையும் கொண்டுவாங்கோ. தொழுகை முடியுமட்டும் நிக்கவேண்டாம்."

மாமி முக்காட்டைக்கூடச் சரிசெய்யாமல் ஓடினா. குத்பாப் பிரசங்கம் நடந்துகொண்டிருந்த பள்ளிவாசல் வாசலில் நின்று அவ மகனைக் கூப்பிட்டுக் கத்தியதை அந்த ஊர் இன்னும் மறக்கவில்லை. நான் டொக்டருக்கு எடுத்தேன். "தைச்ச இடம் பிரிஞ்சிட்டுது எண்டு நினைக்கிறன்" என்றேன். அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "தியேட்டரை ஆயத்தப்படுத்துறன். அம்புலன்சை முருங்கன் ரோட்டில எதிர அனுப்பச் சொல்லுறன். வழியில ஒரு இடமும் இறக்கவேண்டாம். நேர இங்க."

இனி அவளை வெளியே எடுக்கவேண்டும். எழும்பிக் கால் தூக்கி அந்த உயரத்தைக் கடக்கவிட முடியாது. ஈர உடம்பைப் பெண்கள் தூக்கினால் வழுக்கும். பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தியிடம் மீன் வெட்டும் கத்தியைக் கேட்டேன். தொட்டியின் பக்கத்தைக் கீழ்வரை கிழித்தேன். தண்ணீர் அறை முழுவதும் பாய்ந்து வாசற்படியால் முற்றத்துக்கு ஓடியது. றிஸ்வானா அலறினாள்.

"ஏன் மிஸி? ஏன் வெட்டினீங்கள்?"

சேலை நனைய அவள் பக்கத்தில் குந்தினேன். "உள்ளுக்குத் தையல் விட்டிட்டுது. மன்னாருக்குப் போறம். உடன ஒப்பரேசன் செய்யவேணும்."

அவள் கேட்டது ஒன்றே ஒன்று. "முழிச்சிருக்க விடுவினமா?"

அந்த இடத்தில் ஓம் என்று சொல்லியிருக்கலாம். பேசாமல் வண்டியில் ஏறியிருப்பாள். ஆனால் முதுகில் ஊசி போடும் நிலையை அவள் கடந்துவிட்டாள் என்று எனக்குத் தெரியும். மயக்கித்தான் செய்வார்கள், குழாய் போட்டுத்தான் செய்வார்கள். தியேட்டர் வாசலில் அவளுக்கு அது தெரியவந்தால், அவள் கடைசியாக நினைப்பது நாங்கள் எல்லாரும் சேர்ந்து ஏமாற்றிவிட்டோம் என்பதாக இருக்கும்.

"இல்லை. டொக்டர் சொன்ன மாதிரிச் செய்ய இனி ஏலாது. மயக்குவினம்."

கையைத் தொண்டையில் வைத்துக்கொண்டாள்.  நான் அவசரப்படுத்தவில்லை. 

"நான் முழிக்கேக்க நீங்கள் நிப்பீங்களா?"

"நிப்பன்."

"பிள்ளையை எடுக்கச் சொல்லுங்கோ" என்றாள்.

அன்ஸாரும் தொழ வந்திருந்த ஆண்களும் ஓடி வந்தார்கள். நான் அவளைப் போர்வையால் மூடி இன்னொரு போர்வையில் கிடத்தினேன். அவர்கள் நாலு மூலையிலும் பிடித்து, முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டு, மீன் வானுக்குள் ஏற்றினார்கள். அன்ஸார் வானை எடுக்கத் தெரியாமல் தடுமாறினான். வேறொருவர் அவனைத் தள்ளி உட்காரவைத்துவிட்டு ஓட்டினார்.

முருங்கனுக்கு இந்தப் பக்கம் வயல்வெளி ஒன்றில் அம்புலன்ஸ் எதிரே வந்தது. ரோட்டிலேயே மாற்றினோம். அதில் வந்தவர் இளம்பொடியன், கெட்டிக்காரன். இரண்டு கையிலும் சேலைன் ஏற்றினான். "கிட்ட இருக்கிறது முருங்கன்தானே, அங்க ஒருக்காக் காட்டிட்டுப் போவமா, மிஸி?" என்று கேட்டான். அது அவன் படித்த முறை. பிழை இல்லை. எனக்கும் முருங்கன் ஆஸ்பத்திரிப் பலகையைக் கண்டபோது இறங்கிவிடவேண்டும்போல் இருந்தது. அங்கே இன்னும் நாலு பேர் இருப்பார்கள், இந்தப் பயத்தைப் பங்குபோட்டுக்கொள்ளலாம். ஆனால் அவளுக்கு வேண்டியிருந்தது வயிற்றைத் திறக்கும் கையும் இரத்தமும். அது இரண்டும் ஆயத்தமாக நின்றது மன்னாரில். "நிப்பாட்டவேண்டாம்" என்றேன். 

மன்னார்ப் பாலத்தில் ஏறும்போது றிஸ்வானாவின் உதடு மட்டும் அசைந்தது. கலிமா சொல்கிறாள் என்று தெரிந்தது. நான் எனக்குத் தெரிந்த அருள்நிறை மரியே செபத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன். "பிள்ளைட துடிப்பை ஒருக்காப் பாருங்கோ" என்று அன்ஸார் முன்னுக்கிருந்து அழுதான். நான் பார்க்கவில்லை. நல்லதாகக் கேட்டாலும் வண்டி இதைவிட வேகமாக ஓடாது. கெட்டதாகக் கேட்டால் அதைக் கேட்கும் முதல் ஆள் அவளாக இருப்பாள். சில வேளைகளில் பார்க்காமல் விடுவதும் எங்கள் வேலைதான்.

தியேட்டர் வாசலில் என்னைத் தடுக்க முதல், மயக்கமருந்து டொக்டரின் கையைப் பிடித்து ஒரே மூச்சில் சொன்னேன்: "முந்தின ஒப்பரேசனில குழாயோட பாதியில முழிச்சவ, டொக்டர். அதுதான் இவவின்ட பயம்." அவர் ஓடிக்கொண்டிருந்த கட்டிலை நிறுத்தவில்லை. குனிந்து அவளுடைய காதுக்குள், "தலைமாட்டை விட்டுப் போகமாட்டன். நீங்கள் முழிக்கேல்லை எண்டு நான் பாத்துக்கொண்டே இருப்பன்" என்றார். கதவு மூடியது.

வெளியே வாங்குப் பலகையில் இருந்தேன். சேலையில் தொட்டித் தண்ணீர் இன்னும் காயவில்லை. 

பிள்ளை கருப்பையை விட்டுப் பாதி வெளியே வந்து வயிற்றுக்குள் கிடந்தது என்று பிறகு டொக்டர் சொன்னார். பெண் பிள்ளை. எடுக்கும்போது அழவில்லை, அசையவில்லை. மூச்சுக் கொடுத்து எழுப்பிச் சிசுப் பராமரிப்புக்குக் கொண்டு போனார்கள். தாய்க்கு இரத்தம் நிற்கவில்லை. கருப்பையை எடுக்கவேண்டி வந்தது.

அவள் கண் திறந்தபோது நான் நின்றேன். குழாய் எடுத்திருந்தார்கள். பிள்ளையைக் கேட்பாள் என்று பதிலை ஆயத்தப்படுத்தி வைத்திருந்தேன். அவள் கேட்கவில்லை. போர்வைக்கு வெளியே கிடந்த தன் கையைப் பார்த்தாள். விரல்களை மெதுவாக மடக்கினாள், விரித்தாள். திரும்ப மடக்கினாள்.

"ஒண்டுமே தெரியேல்லை, மிஸி" என்றாள். "ஒண்டுமே."

கதையை இங்கே விட்டால் உங்களுக்கு நல்ல நித்திரை வரும். ஆனால் அவள் வீட்டுக்கு வந்த பிறகு நான் பார்க்கப் போன முதல் நாளில் அவளுடைய முகம் வேறாக இருந்தது. மாமியை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்டாள்.

"தொட்டியைக் கண்ட அண்டைக்கே நீங்கள் என்னைக் கட்டி இழுத்துக்கொண்டுபோய் ஆஸ்பத்திரியில படுக்க வச்சிருந்தால், எனக்கு இன்னொரு பிள்ளை பெறலாமா இருந்திருக்கும். இல்லையா?"

பக்கத்தில் பாயில் பிள்ளை கிடந்தாள். மூச்சில்லாமல் கிடந்த நேரம் மூளைக்கு என்ன செய்திருக்கும் என்ற பயம் இன்னும் யாருக்கும் போகவில்லை. அந்த அறையில் இரண்டு கேள்விகள் இருந்தன. 

"இருந்திருக்கலாம், றிஸ்வானா" என்றேன். "அப்பிடிச் செய்திருந்தால் நீங்கள் ஆஸ்பத்திரியால ஓடி வந்து, வலி வந்த நேரம் என்னைக் கூப்பிடாமலும் விட்டிருக்கலாம். எனக்குத் தெரியாது. இதைப்பற்றி நானும் யோசிச்சுக்கொண்டுதான் இருக்கிறன்."

அவள் ஆறுதல் அடையவில்லை. நான் சொன்னதும் ஆறுதலுக்காக அல்ல. இந்த வேலையில் சரியாகச் செய்த காரியத்துக்கும் ஒருவர் உங்கள் முகத்தைப் பார்த்துக் கணக்குக் கேட்பார். அப்போது எழும்பி ஓடிவிடாதீர்கள். இருந்த இடத்தில் இருங்கள்.

 பிறகு பிள்ளையைத் தூக்கி என்னிடம் நீட்டினாள்.

"நிறையைப் பாருங்கோ" என்றாள்.

கூரை வளையில் தராசைக் கொழுவிப் பிள்ளையைத் துணித் தூளிக்குள் விட்டேன். தாயின் சூடு விட்டுப்போனதும் அந்தரத்தில் ஒரு கணம் விழித்தாள். பிறகு இரண்டு காலையும் உதைத்து, முகமெல்லாம் சிவக்க, அடுக்களையில் நின்ற மாமி ஓடி வரும்படியாகக் கத்தினாள். தராசு முள் ஆடிய ஆட்டத்தில் என்னால் நிறை பார்க்க முடியவில்லை. றிஸ்வானா எட்டி அவளுடைய பாதத்தைப் பிடித்தாள். பிள்ளை அந்தக் கையையும் உதைத்தாள்.